ஜானின் கழுதையும் நம் உண்டியலும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. வல்லம் வடகாலில் ஒரு வாடகை வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஜான் ஆபிரகாமின் 'அக்கிரகாரத்தில் கழுதை'யைப் போட்டோம். இருபத்தைந்து பேர் இருப்பார்கள். பாதிப்பேர் சிப்காட் கம்பெனிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருப்பவர்கள். இரண்டு பேர் சட்டக் கல்லூரி மாணவர்கள். ஷிஃப்டு முடிந்து நேராக வந்த ஒரு தம்பி யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்தான்.

படம் முடிந்ததும் பேச எழுந்தவன் நான்தான். (படம் போட்டால் பேசியே தீர வேண்டும் என்பது நம் வட்டாரத்து வியாதி.) 1977-இல் தமிழில் இப்படி ஒரு படம் வந்ததே அதிசயம், பார்ப்பனியத்தின் முகத்திரையை இதைப்போல் கிழித்த படம் வேறில்லை என்று ஆரம்பித்தேன். யூனிஃபார்ம் தம்பி கை தூக்கினான். விழுப்புரத்துக்காரன்.

"இதுல நம்மாளுங்க எங்கண்ணா இருக்காங்க?"

"கழுதைதான் தம்பி. ஊருக்குள்ள நுழையக்கூடாதுன்னு அடிக்கிறாங்க இல்ல, தீட்டுன்னு சொல்றாங்க இல்ல, அதான் நாம. குறியீடு."

"கழுதையாண்ணா?"

அவ்வளவுதான் கேட்டான். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கூட்டத்தில் யாரும் எதுவும் பேசவில்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தம்பிக்கு அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

ஜானைத் தெரியாத மாணவர்களுக்காகக் கொஞ்சம். 1937-இல் குட்டநாட்டில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டம் முடித்து பெல்லாரியில் எல்.ஐ.சி. வேலை. அதை உதறிவிட்டு புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார். அங்கே ரித்விக் கட்டக்கின் மாணவர். மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி'யில் உதவியாளர். பிறகு நான்கே நான்கு முழுநீளப் படங்கள். 1972-இல் மலையாளத்தில் 'வித்யார்த்திகளே இதிலே இதிலே'. 1977-இல் தமிழில் கழுதை. 1979-இல் 'செறியாச்சன்றெ குரூரகிருத்யங்கள்'. 1986-இல் 'அம்ம அறியான்'. அடுத்த ஆண்டு, 1987 மே 31-ஆம் தேதி, கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்த காயத்தால் செத்துப்போனார். ஐம்பது வயது நிறையவில்லை.

கழுதைப் படத்தின் கதை சின்னது. சென்னைக் கல்லூரி ஒன்றில் பேராசிரியர் நாராயணசாமி. தாயைக் கும்பல் அடித்துக் கொன்றுவிட, ஒரு கழுதைக்குட்டி அவர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அவர் அதை வளர்க்கிறார். கல்லூரியே சிரிக்கிறது. ஊருக்குக் கொண்டுபோய், வாய் பேச முடியாத உமா என்கிற பெண்ணிடம் விடுகிறார். ஊர் அக்கிரகாரம். அங்கே நடக்கிற குளறுபடிக்கெல்லாம் பழி கழுதைமேல் விழுகிறது. இறந்து பிறந்த உமாவின் குழந்தை கோயிலருகே கிடக்க, அதற்கும் கழுதையே காரணம் என்று அடித்துக் கொல்கிறார்கள். செத்த பிறகு அதனால் அற்புதம் நடக்கிறதாம், கோயில் கட்டலாம் என்று அதே ஊர் கிளம்புகிறது. கடைசியில் தீ. ஊர் எரிகிறது. மிஞ்சுவது பேராசிரியரும் உமாவும்.

ராபர்ட் பிரெஸ்ஸோன் 1966-இல் எடுத்த 'பல்தஸார்' என்ற பிரெஞ்சுக் கழுதைப் படத்தின் தூண்டுதல் இதில் உண்டு. வெங்கட் சாமிநாதனும் ஜானும் எழுதியது. பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. விருது கொடுத்த அதே அரசின் தூர்தர்ஷன், 1989-இல் ஒளிபரப்பத் திட்டமிட்டுவிட்டு எதிர்ப்பு வந்ததும் நிறுத்திக்கொண்டது. ஒரு கழுதைக்கு அக்கிரகாரம் அவ்வளவு பயந்தது என்று நாம் இதை இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பயந்தது உண்மை. படத்துக்கு நான் எதிரி இல்லை. கொன்றவனே கோயில் கட்டுகிற வித்தையை அந்தப் படம் போல் நறுக்கென்று காட்டியது தமிழில் இன்னொன்று இல்லை. நம் ஊர்களில் அடித்துக் கொல்லப்பட்டு அப்புறம் 'சாமி'யானவர்களின் கதைகள் எத்தனை என்று பாட்டிமாரைக் கேட்டால் தெரியும்.

ஆனால் தம்பியின் கேள்வி அப்படியே நிற்கிறது. படத்தில் பாதிக்கப்படுகிற உயிர்கள் இரண்டு: ஒரு கழுதை, ஒரு ஊமைப்பெண். இரண்டுக்கும் வாய் இல்லை. பேசுகிற உரிமை முழுக்கப் பேராசிரியருக்கு. அவரும் அக்கிரகாரத்துப் பிள்ளை. அதாவது கொடுமை செய்கிறவனும் அக்கிரகாரம், மனசாட்சியும் அக்கிரகாரம். சேரி இந்தச் சண்டையில் பார்வையாளனாகக்கூட அழைக்கப்படவில்லை. நான் மேடையில் 'கழுதைதான் நாம்' என்று சொன்னபோது, ஜான் செய்ததையே நானும் செய்தேன். அவரைவிட மோசமாகச் செய்தேன் என்றும் சொல்லலாம். அவர் கழுதை என்றுதான் சொன்னார். 'நாம்' என்று சேர்த்தவன் நான்.

இன்னொரு விஷயம். படத்தில் எரிவது அக்கிரகாரம். அதற்கு ஒன்பது வருடம் முன்னால், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் எரிந்தது எது? ராமையாவின் குடிசை. 44 பேர். எரித்தது பண்ணையார் கூட்டம், அக்கிரகாரம் அல்ல. படம் வந்த அடுத்த வருடம், 1978 ஜூலையில், அந்தத் தம்பியின் சொந்த ஊரான விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் பூணூல் போட்டவர்களா? அக்கிரகாரத்தைக் கேலி செய்கிற படத்தைப் பார்த்து நம்மோடு சேர்ந்து கைதட்டுகிறவன், படம் முடிந்ததும் ஊர்த்தெருவுக்குப் போகிறான், நாம் சேரிக்குப் போகிறோம். அவனை உறுத்துகிற ஒரு சட்டகம்கூட அந்தப் படத்தில் இல்லை. தமிழ்நாட்டில் அக்கிரகாரத்தைத் திட்டுவது செலவில்லாத கலகமாகி ரொம்ப நாளாகிறது. 1977-இல் அது அவ்வளவு மலிவாக இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கழுதைக் கதை போதும். நான் சொல்ல வந்தது வேறு ஜானைப் பற்றி.

சிற்றிதழ்க்காரர்கள் நமக்குக் கொடுத்த ஜான் ஒருவர் இருக்கிறார். குடிகாரர், நாடோடி, அழுக்குச் சட்டை, வேலையைத் தூக்கி எறிந்த மேதை. கவிதை எழுதத் தொடங்கிய காலத்தில் எனக்கும் அந்த ஜான்மேல் மயக்கம் இருந்தது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து கட்டு எண்ணும்போது, 'அவர் எல்.ஐ.சி.யை விட்டார், நீ எப்போது?' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். ஒருநாள் அம்மாவிடம் சும்மா சொல்லிப் பார்த்தேன், வேலையை விட்டுவிட்டு எழுதலாம் என்று இருக்கிறேன் என்று. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது: "உங்க தாத்தா வுட்டுட்டு வரணும்னு நெனச்ச வேல ஒண்ணு இருந்துச்சு. வுட முடிஞ்சுதா?"

தாத்தா ஊர் வெட்டியான். அவரால் விட முடியாத வேலையும் ஒரு வேலைதான். என் சம்பளச் சீட்டு எங்கள் வம்சத்தின் முதல் சம்பளச் சீட்டு. இடஒதுக்கீட்டுக்காக யார்யாரோ அடிபட்டதில் வந்த காகிதம் அது. அதைக் கிழிப்பது கலகம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த இலக்கியத்தை நான் சந்தேகப்படுகிறேன். நிலமும் தறவாடும் உள்ளவன் வேலையை விட்டால் அது துறவு. நம் பிள்ளை விட்டால் அது பட்டினி. அதே மாதிரிதான் குடியும். ஜானின் குடியைக் கவிதையாக்கியவர்கள், நம் தெருவில் டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடக்கிற நம் மாமனைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒருத்தனுக்குக் குடி மேதைமை, இன்னொருத்தனுக்குச் சாதிப் புத்தி! ஜானின் சாவை எனக்குக் காவியமாகப் பார்க்க முடியவில்லை. இன்னும் பத்துப் படம் எடுத்திருக்க வேண்டிய மனிதன் வீணாகப் போனான் என்கிற எரிச்சல்தான் வருகிறது.

அந்த ஜானை ஓரமாக வையுங்கள். எனக்கு வேண்டிய ஜான் 1984-இல் கோழிக்கோட்டில் ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கியவர். ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தில் படிக்கட்டில் மக்கள் சுடப்படுகிற நகரத்தின் பெயர் அது. தயாரிப்பாளன் வாசலில் நிற்க மாட்டோம், பார்க்கிறவனே படம் எடுக்கக் காசு கொடுக்கட்டும் என்பது திட்டம். ஊர் ஊராகப் போனார்கள். கொட்டடித்துக் கூட்டம் சேர்த்தார்கள். சாப்ளினின் 'த கிட்' போன்ற படங்களைப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் துண்டை விரித்தார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். அப்படிச் சேர்ந்த காசில் எடுத்ததுதான் 'அம்ம அறியான்'. எடுத்த படத்தை மறுபடி அதே மாதிரி ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

நம் ஃபிலிம் சொசைட்டி அண்ணன்மார்கள் கிரேக்க இயக்குநர் தியோ ஆஞ்சலோபுலஸைப் பற்றிப் பேசினால் குரலே மாறிவிடும், கருவறைக்குள் நிற்பது மாதிரி. அவருடைய 'நாடோடி நடிகர்கள்' 1975-இல் வந்தது. ஒரு நாடகக் குழு 1939-இலிருந்து 1952 வரை ஊர் ஊராகப் போய் ஒரே நாடகத்தைப் போடப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் போரோ துப்பாக்கியோ குறுக்கே வந்து நாடகம் நின்றுபோகிறது. நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் எண்பதே ஷாட்டுகள். ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே எடுக்கத் தொடங்கிய படம் என்பதுதான் அதில் பெரிய விஷயம். 2012 ஜனவரியில், பிரேயஸ் துறைமுகப் பக்கம் படப்பிடிப்பின்போது மோட்டார் சைக்கிள் மோதி அவர் இறந்தார். மகத்தான கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் ஆஞ்சலோபுலஸ் நாடோடிக் குழுவைப் பற்றிப் படம் எடுத்தார். ஜானும் தோழர்களும் நாடோடிக் குழுவாகவே ஆனார்கள். ஷாட்டின் நீளத்தை அளந்துகொண்டிருந்த நாம் துண்டில் விழுந்த காசை எண்ணவே இல்லை.

இங்கே ஒரு முள் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக மாட்டேன். கொட்டடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கையேந்துவது ஜானுக்குக் கலகம். நமக்கு? தாத்தா செய்த வேலையே அதுதானே. சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, அடித்து முடித்து வாசல் வாசலாகப் போய்ச் சோறும் தானியமும் வாங்கு. 90-களில் நம் இதழ்களில் பறையை எறிவதா ஏந்துவதா என்று பெரிய சண்டையே நடந்தது. எறிந்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. என் அப்பா எறிந்தவர். 'இன்னொருத்தன் வாசல்ல நிக்காதே' என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை. அதனால் உண்டியல் என்று நான் சொன்னதும் நம்மில் சிலருக்கு முகம் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் எனக்கே சுருங்கியது.

ஆனால் யார் வாசலில் நிற்கிறோம் என்பதில் இருக்கிறது வித்தியாசம். ஊர்த்தெரு வாசலில் நின்றால் கூலி. நம் தெருவில், நம் அறைகளில், நம் ஆட்களிடம் வாங்கினால் அது சந்தா. அம்பேத்கர் மன்றத்துக்கு ரேஷன் கார்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணிச் சிலை வைத்தவர்கள்தானே நாம்? அதை யாராவது பிச்சை என்றார்களா?

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்றால், எங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் ஒரு படம் எடுக்க நினைக்கிறார்கள். நிலத்தைப் பற்றி. இது பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1891-இல் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதியது இந்த மண்ணைப் பார்த்துத்தான். அதன்பின் 1892-இல் பஞ்சமர்களுக்கு நிலம் கொடுக்க அரசாணை வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு 1994 அக்டோபர் 10-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் காரணை ஜான் தாமஸும் ஏழுமலையும். சினிமா பேசுகிற நம் மாணவர்களுக்கு ஒரு ஜானைத் தெரிகிறது. இந்த ஜானைத் தெரியவில்லை. இரண்டு பேரையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. பெரிய ஆசைதான்.

கையில் காசில்லை. அப்போது ஒருவர் வந்தார். ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாளுகிறவர். மூன்று லட்சம் வரை தரலாம், கேமராவும் தரலாம் என்றார். இருபது நிமிடப் படம். பெண் முன்னேற்றம், விடுதி, கிராமத்துப் பெண் ஆலைக்கு வந்து தலை நிமிர்ந்தது. 'பஞ்சமி' என்ற சொல் வேண்டாம். 'ஒப்பந்தம்' என்ற சொல்லும் வேண்டாம். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார், டீகூட அவரே வாங்கிக் கொடுத்தார்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "கேமரா வருதுண்ணா, அதுல அவங்க படத்த எடுத்துக் குடுத்துட்டு நம்ம படத்தையும் எடுத்துக்கலாம்" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டான்: "பா. ரஞ்சித் அண்ணன் மட்டும் கோடம்பாக்கத்துக் காசுல எடுக்கலியா? 2012-ல 'அட்டகத்தி' எடுத்தவரு 2018-ல ரஜினிய வெச்சே 'காலா'வுல நிலத்தப் பத்திப் பேசலியா?"

நல்ல கேள்வி. ரஞ்சித் செய்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவர் இறங்கியது சந்தை. டிக்கெட் வாங்கிய மனிதன் அங்கே நீதிபதி, பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவான். அதனால் அந்தப் படம் நம் ஆளுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். கம்பெனி காசில் எடுக்கிற இருபது நிமிடத்துக்கு நீதிபதியே கிடையாது. அதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஆண்டறிக்கையில் ஒரு வரியாக, ஒரு புகைப்படமாக இருந்தால் போதும். பார்வையாளனே தேவைப்படாத சினிமாவுக்கு நம் பிள்ளைகள் எதற்கு?

'அம்ம அறியான்' நமக்குப் பாடமாவது இந்த இடத்தில்தான். வயநாட்டில் ஒரு இளைஞனின் பிணம் கிடக்கிறது. செத்தவன் ஹரி. அவனைத் தெரிந்துகொண்ட புருஷன் என்கிறவன், கொச்சியில் இருக்கிற ஹரியின் அம்மாவுக்குச் செய்தி சொல்லப் புறப்படுகிறான். வழியெல்லாம் ஹரியின் நண்பர்கள் சேர்ந்துகொண்டே வருகிறார்கள். ஒருவன் பத்துப் பேராகி, பெருங்கூட்டமாகிறது. படமே அம்மாவுக்கு எழுதுகிற கடிதம்தான். ஒரு குறை சொல்ல வேண்டும்: நடப்பதெல்லாம் ஆண்கள், அம்மாக்கள் வாசலில் நின்று செய்தி கேட்டுக்கொள்கிறார்கள். இங்கே கதை திரும்பியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்த வல்லம் வடகால் விடுதி 706.50 கோடி ரூபாயில் கட்டியது, 18,720 பெண்கள் தங்குவதற்கு. ஊரைவிட்டு நடந்தவர்கள் மகள்கள். 2021 டிசம்பரில், ஐபோன் தயாரிக்கும் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் கெட்டுப்போன உணவு சாப்பிட்டு 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, செத்துப்போனார்கள் என்று வதந்தி பரவி, அந்தப் பிள்ளைகள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். அன்றைக்கு எத்தனை அம்மாக்கள் ஊரில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்காமல் இருந்திருப்பார்கள்? அந்தக் கடிதத்தை யார் எழுதுவது? விடுதியை அழகாகக் காட்டச் சொல்கிறவர் காசில் அதை எழுத முடியுமா?

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1999 ஜூலை 23-ஆம் தேதி தாமிரபரணியில் 17 பேர் செத்ததை ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரண'மாக எடுத்தார். அமுதன் 'பீ' எடுத்தார், திவ்யபாரதி 2017-இல் 'கக்கூஸ்' எடுத்துப் போலீஸ் தொல்லையெல்லாம் பட்டார். யாரும் ஆண்டறிக்கைக்காக எடுக்கவில்லை. ஒடேசாவின் பலவீனமும் கண்முன்னால் இருக்கிறது: ஜான் போன பிறகும் அங்கிருந்து ஆவணப்படங்கள் வந்தன, இன்னொரு 'அம்ம அறியான்' வரவில்லை. ஒரு மேதையைச் சுற்றி இயக்கம் கட்டினால் மேதை விழுந்த அன்றைக்கு இயக்கமும் விழும். நமக்கு மேதை வேண்டாம். ரசீது புத்தகம் வேண்டும். இதை வங்கிக்காரன் புத்தி என்று கிண்டல் செய்தாலும் பரவாயில்லை. காசு எண்ணுவது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த கலை.

அந்த மொட்டைமாடி இரவில் நான் உட்கார்ந்த பிறகு, சட்டக் கல்லூரிப் பெண் ஒரு எவர்சில்வர் தட்டைச் சுற்றுக்கு விட்டாள். 1,340 ரூபாய். பெரும்பாலும் பத்து ரூபாய் நாணயம், நம் ஊர்க் கடைக்காரர்கள் வாங்க மறுக்கிற அதே நாணயம். கவுண்டரில் நான் மாற்றித் தருவேன் என்ற நம்பிக்கையில் போட்டிருப்பார்கள். விழுப்புரத்துத் தம்பி ஐம்பது ரூபாய்த் தாள் போட்டான். போட்டுவிட்டு, "படத்துல நம்மாளு பேசுவானாண்ணா?" என்றான். பேசுவான் என்று சொன்னேன். "அப்ப ரசீது குடுங்க" என்றான்.

ரசீது புத்தகம் அச்சுக்குப் போயிருக்கிறது. அடுத்த ஞாயிறு இரவு எட்டு மணி, அதே மாடி, 'அம்ம அறியான்'. இந்தத் தடவை படம் முடிந்ததும் நான் பேசப்போவதில்லை.